ஐசியு ரேடியோ

"அப்ப வர்றேன்னு சொல்லிடவா, வேணாம்னு சொல்லிடவா?"

"என்னைக் கேட்டா போயிடுடி. ஓபில வர்றவங்க உன் மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்தையாவது பேசுவாங்க. இங்க உன்கிட்ட யாரு பேசுறா?" என்றாள் அக்கா. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, ஐசியுவில் மூத்த நர்ஸ்.

வெளிநோயாளிகள் பிரிவான ஓபிக்கு மாறச் சம்மதமா என்று வேலை முடிவதற்குள் சொல்லும்படி மேட்ரன் கேட்டிருந்தார்.

கேட்ட இளைய நர்ஸ் இவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். மயக்கத்தில் கிடப்பவர்களிடமும் ஓயாமல் பேசுவாள். "ஐயா, இப்ப இடது பக்கம் திரும்பப் போறோம். கை சில்லுன்னு இருக்கும், கோவிச்சுக்காதீங்க." பதிலே வராது. கண் திறந்து வாயில் பேச்சு வந்ததோ இல்லையோ, ஆளை மாடி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நன்றி, கும்பிடு, பழக்கூடை எல்லாம் மாடிக்குத்தான்! வீட்டிலும் தனிக்கட்டை. "இப்ப மூடப் போறேன்" என்று குக்கரிடம் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். சிரிப்பு அடங்கியதும் வீடு இன்னும் பெரிதாகிவிடும்.

மதியம், மனசு கேட்காமல் மாடி ஏறினாள். இவள் வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்ட லாரி டிரைவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா? மறுபடியும் ரத்தம் எடுக்கவா? காலைலதான உறிஞ்சிட்டுப் போனீங்க!"

இவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏங்க, கீழ உங்களப் பாத்துக்கிட்ட நர்ஸா இருக்குமோ?" என்றாள் அவர் மனைவி.

"சேச்சே, கண்ணு தொறக்கலன்னாலும் காது கேட்டுச்சே, அது வாயே மூடாது! கையத் தூக்கப் போறேன், காலைத் துடைக்கப் போறேன்னு காதுல ரத்தம் வராத குறை. இவங்க பாவம், வாயே தொறக்கல."

மனைவி சிரித்தாள். அவர் குரல் மட்டும் இறங்கியது.

"நடுவுல ஒரு நாள் அந்தம்மா வரல. யார் யாரோ தொட்டாங்க, திருப்புனாங்க. எதுக்குன்னே தெரியல. அன்னிக்குத்தான் ரொம்பப் பயந்துட்டேன்."

அந்த ஒரு நாள் இவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். 'நான்தாங்க அது' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு விறுவிறுவென்று படி இறங்கினாள்.

"நான் இங்கயே இருந்துக்கறேன் மேடம்" என்றாள் மேட்ரனிடம்.

"ஏம்மா, எல்லாரும் ஓபிக்கு ஆலாப் பறக்குறாங்க. உனக்கென்ன?"

"ஒருத்தரத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாச்சு மேடம்" என்று ஐசியுவுக்குள் நடந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட் கடைசி வரை காலியாகவே வந்தது. வீட்டுக் கதவையும் அவளேதான் திறக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், அவள் முடிவு சரிதானா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?