கதவுக்குப் பின்னால் ஒரு ஜோடி செருப்பு

ராஜா தன் காதலிக்குக் கட்டிக்கொடுத்த மாளிகை அது. இடிந்து கிடந்ததைச் சீர்செய்து, வெள்ளையடித்து, இப்போது டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டிருந்தார்கள். தையல்கார அக்கா தன்னந்தனியாக வந்திருந்தாள். கூட்டிவருகிறேன் என்று சொன்ன மனுஷன் மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் லாரி டிரைவர். பெண்டாட்டி, பிள்ளைகள் வேறு ஊரில். இந்தப் பக்கம் லோடு வரும்போதெல்லாம் இருட்டிய பிறகு அக்கா வீட்டுக்கு வருவார். அவர் உள்ளே நுழைந்ததும் செருப்பை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதுதான் அவளுக்கு முதல் வேலை. வாசலில் ஆம்பளைச் செருப்பு கிடந்தால் தெரு சும்மா விடுமா? அந்தத் தெருவின் வாய்க்குப் பயந்து, இருவரும் சேர்ந்து ஒரு டீக்கடைக்குக்கூடப் போனதில்லை. மாளிகையைத் திறந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்வரலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

சாவு வீட்டுக்கு எந்த முகத்தோடு போவாள்? சேதி வந்த அன்று, அழுகை வெளியே கேட்கக் கூடாதென்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அழுதாள். ஊசிக்கடியில் துணிகூட இல்லை. கடைசியாக வந்தபோது அவள் வாங்கிக்கொடுத்த புதுச்செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். பழசு மட்டும் கதவுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது.

மாளிகையைச் சுற்றிக்காட்டிய பெண் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ராணிக்குத் தெரியாமல் ராஜா ராத்திரியில் வருவாராம், விடியுமுன் போய்விடுவாராம். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கையைக் கோத்துக்கொண்டு உருகியது. வாசற்படியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜரிகைச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. ராஜா இங்கேதான் கழற்றிவிட்டு உள்ளே போவார் என்றாள் அந்தப் பெண்.

அடப்பாவிகளா, திருட்டுத்தனமாக வருகிறவன் ஊருக்கே தெரியும்படி வாசலிலா விடுவான்?

"வாசல்ல விட்டிருக்க மாட்டாரும்மா," அக்காவுக்கு வாய் தவறிவிட்டது. "அவதான் எடுத்து உள்ள ஒளிச்சு வெச்சிருப்பா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

சுற்றிக்காட்டிய பெண் நல்லவிதமாகத்தான் கேட்டாள். சொல்லியிருக்கலாம். இங்கே அக்காவைத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் இல்லை.

"சும்மா, தோணுச்சு," என்றாள். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. செத்த பிறகும் அந்த மனுஷனை ஒளித்துவைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மாடிப் பக்கமே போகாமல் பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் குனிந்தாள். செருப்பில் தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்து, வாசற்படியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மாடி வீட்டம்மா கறிகாய்ப் பையோடு வந்தவள் படியில் நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும், அக்கா வீட்டு வாசலில் இப்படியொன்றை அவள் பார்த்ததில்லை.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலைக்கா. என் வீட்டுக்காரர் செருப்பு. அவர் செத்துப்போயிட்டாரு."

மாடி வீட்டம்மா அந்தச் செருப்பை மிதித்துவிடாமல் ஒதுங்கி மேலே ஏறிப்போனாள்.

அக்கா உள்ளே வந்தாள். கதவைச் சாத்தவில்லை. மெஷின் பக்கம் போகவும் இல்லை. வெறுந்தரையில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி வாய்விட்டு அழுதாள்.