பட்டியல் காலியாக இருந்தால்

எங்கள் 'கொடி' கணினி மொழியின் அடிப்படை நூலகத்தில் ஒரு கட்டளை நுழைந்துவிட்டால், பிரளயமே வந்தாலும் பிடுங்க முடியாது. பிடுங்கினால் பத்து லட்சம் பேருடைய நிரல் உடையும். (சரி, இருநூறு பேர்.) அதனால்தான் அன்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஐவர் குழு வீடியோவில் நடத்திய வாக்கெடுப்புக்கு, நான் நாலு மணிக்கே திரைமுன் உட்கார்ந்துவிட்டேன்.

வாக்கெடுப்புக்கு வந்தது, பட்டியலின் முதல் பொருளை எடுத்துத் தரும் என் கட்டளை. ஓய்வுபெற்ற பிறகு முடிச்சூர் பிளாட்டில் நான் பெற்ற ஒரே பிள்ளை. 'முதலாவது' என்று பெயர் முடிவாவதற்குள் நடந்த சண்டையில் ஒருவர் நாட்டைவிட்டே ஓடிவிட்டார்.

வாக்குகள் இரண்டுக்கு இரண்டு. குமரேசன் மட்டும் பாக்கி.

எதிர்த்து வாக்களித்த வினிதா மேடவாக்கத்திலிருந்து திரையில் முறைத்தாள். "பட்டியல் காலியா இருந்தா உங்க முதலாவது என்ன சார் செய்யும்?"

"சத்தம் போடாம அடுத்த வேலைக்குப் போயிடும்மா. மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

"தப்பு நடந்துடுச்சுன்னு நின்னு கத்தணும் சார். மூடி மறைக்கிற பிள்ளை நமக்கு வேண்டாம்."

குமரேசன் இடைமறித்தான். "எங்கயாவது நிஜமா ஓட்டிப் பாத்தீங்களா அண்ணா?"

"எங்க அபார்ட்மென்ட் தண்ணி லாரியே இதுலதான் ஓடுது! பட்டியல்ல முதல்ல இருக்கிற டிரைவருக்குத் தினமும் தானா மெசேஜ் போயிடும். ஒரு குறை கிடையாது!"

அவன் விரல் பொத்தானை நெருங்கியது. கதவு இடிபட்டது.

மூன்றாம் மாடி கங்கையம்மாள். தலை முழுக்க ஷாம்பு நுரை, இமயமலை உயரத்துக்கு.

"இன்னா சார், கொயாய்ல காத்துதான் வருது. லாரி எங்க?"

"வந்துடும்மா."

"இன்னாத்த வரும்? டிரைவருக்குப் போன் போட்டேன். மெசேஜே வர்லன்றாரு!"

மைக் திறந்தே இருந்தது. நான் பட்டியலைத் திறந்தேன். காலையில் பழைய டிரைவர்களை அழித்தவன், புதியவர்களை ஏற்ற மறந்திருந்தேன். என் மரியாதைப் பிள்ளை யாருக்கும் செய்தி அனுப்பாமல், 'வேலை முடிந்தது' என்று எழுதிவைத்திருந்தது.

வினிதா சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை.

"அண்ணா, டைம் ஆவுது. உங்களுக்காகப் போட்டுடவா?" என்றான் குமரேசன். நல்ல பையன். போட்டிருப்பான்.

தரையில் நுரை சொட்டியது. படிக்கட்டில் காலி பக்கெட்டுகள் ஏறிவரும் சத்தம்.

"இருப்பா," என்றேன். கட்டளையில் ஒரே வரியை மாற்றினேன். "காலியா இருந்தா நின்னு கத்தும்."

"எவ்ளோ சத்தமா சார்?" என்றாள் வினிதா.

கங்கையம்மாள் திரைக்குள் தலையை நீட்டினார். "என்ன மாரி கத்தணும் கண்ணு! யோவ் சார், லாரிக்குப் போன் போடு மொதல்ல!"

ஐந்து வாக்கும் ஆதரவாகவே விழுந்தன. அதற்குள் நான் போனில் இருந்தேன்.