ஈரம் காயாத பத்து விரல்கள்

அப்ரெஹெத்தின் வலது கட்டைவிரலை மூன்றாம் முறையாகக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல உருட்டினேன். திரையில் ரேகைக்குப் பதில் ஒரு சாம்பல் திட்டு வந்தது. நடுவே இரண்டு மூன்று கோடுகள் தோன்றி, எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டன. விரலைத் துடைத்தேன், ஊதினேன், என் சட்டை நுனியில் தேய்த்துப் பார்த்தேன். நுனி வெளுத்து, ஊறி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. கடலிலிருந்து அப்போதுதான் தூக்கிவிட்ட கை என்றால் சரி. ஆனால் எரித்ரேயாக்காரியான அவள் அகதிகளின் படகில் வந்து, ஐரோப்பாவின் தெற்குக் கரையிலுள்ள எங்கள் துறைமுகத்தில் இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"என்ன நுன்சியா, கடல்கன்னி எதையாவது புடிச்சு வச்சிருக்கியா?" என்று பின்னாலிருந்து கேட்டார் ஸ்பாதாரோ. முகாமில் பதிவுக்குப் பொறுப்பான அதிகாரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குரலில் எப்போதும் கொஞ்சம் தூக்கம் கலந்திருக்கும்.

"படிய மாட்டேங்குது சார். நாளைக்குப் பாக்கலாம்."

"நாளையோட கெடு முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இல்லாமல் என்ன. அந்தக் கண்ணாடியில் பதிகிற ரேகை, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பட்டியலுக்கு அன்றைக்கே போய்விடும். அதன் பிறகு அவள் ஜெர்மனிக்குப் போனாலும் ஸ்வீடனுக்குப் போனாலும், அங்கே ஓர் அதிகாரி இதே போல விரலை வைக்கச் சொல்வார். பட்டியல் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும். முதலில் எந்த நாட்டில் விரல் பதிந்ததோ அந்த நாடே அகதிக்குப் பொறுப்பு என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவதற்கு மூன்று நாள் கெடு. மூன்று நாளும் படியாவிட்டால், 'ரேகை தெளிவில்லை' என்று தாளில் எழுதி, மற்றவர்களோடு பேருந்தில் ஏற்றி மேலே உள்ள பெரிய முகாமுக்கு அனுப்புவோம். அந்த முகாமின் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். அங்கிருந்து யார் எந்த ரயிலில் போனார்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். அந்த வருடங்களில் அப்படித்தான் நடந்தது. இப்போது இல்லை.

ஏழு வருடமாக எனக்கு இதுதான் வேலை. என் புருஷன் கையைக்கூட நான் இத்தனை அக்கறையாகப் பிடித்ததில்லை. ஆளின் முகம் மறுநாளே மறந்துவிடும், கை மறக்காது. கொத்தனார் விரலில் சிமெண்ட் தின்றது போக மிச்சம்தான் ரேகை இருக்கும். தையல்காரனின் ஆள்காட்டி விரலில் ஊசிப் புள்ளிகள். சில மதியங்களில், தெற்கிலிருந்து மணல்காற்று வீசி வானமும் கடலும் ஒரே மங்கல் மஞ்சளாகிவிடும்போது, திரையில் விரியும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நான் எங்கோ போய்விடுவேன். உழுத வயல் தெரியும், அதன் நடுவே ஒரு கிணறு தெரியும். அந்த வயலுக்குள் செருப்பில்லாமல் நடந்து போவது போலிருக்கும். ஸ்பாதாரோ இருமினால்தான் திரும்பி வருவேன்.

அன்று மாலை காப்பிக்காக முகாமின் சமையலறைப் பக்கம் போனேன். தொட்டியில் முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டிருந்தாள் அப்ரெஹெத். பக்கத்தில் பாத்திரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. சமையல்காரர் பிப்போவுக்கு வாயெல்லாம் பல்.

"தங்கமான பொண்ணு நுன்சியா! வந்த அன்னியிலருந்து இவதான் எல்லாம் கழுவுறா. போதும்மா, போய் உக்காருன்னா கேக்கவே மாட்டேங்குறா. காலையில ஏழு மணிக்கே வந்து நிக்குறா. நம்ம ஊருப் பொண்ணுங்க இருக்காளுங்களே…"

அவர் பேசிக்கொண்டே போனார். நான் தண்ணீருக்குள் அசையும் அந்தக் கைகளைப் பார்த்தேன். ஒரே தட்டை நான்காவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெறும் தொட்டியில் கையை ஊறவைத்தால் பதிவைத் தடுத்த குற்றம். பாத்திரம் கழுவினால் உபகாரம். இத்தனை வருடத்தில் கோந்து பூசியவர்களைப் பார்த்திருக்கிறேன், உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கண்டுகொண்டேன் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

மொழிபெயர்ப்பாளன் ஹப்தேயைக் கூப்பிட்டுக்கொண்டு, மூவரும் பின்வாசல் நிழலில் போய் உட்கார்ந்தோம். ஹப்தேயும் எரித்ரேயாக்காரன், எங்கள் ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவன் என்னைப் போலவே கை ஆட்டிப் பேசுவான்.

"எங்க போகணும்னு கேளு."

அவள் மெதுவாகச் சொல்லச் சொல்ல, ஹப்தே பாதியிலேயே தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"ஜெர்மனியில, ப்ரேமென்னு ஒரு ஊர்ல இவ அக்கா இருக்கு நுன்சியாக்கா. பேரு ஹிவெத். அம்மா செத்ததுக்கு அப்புறம் அதுதான் இவள வளத்திருக்கு. அதுக்கு இன்னும் மூணு வாரத்துல குழந்தை பொறக்கப் போகுது. புருஷன் இல்ல, வர்ற வழியில லிபியாவுலயே செத்துட்டான். எங்க ஊர்ல பிரசவிச்சவளுக்கு மொதக் களிய வீட்டுப் பொம்பள ஒருத்திதான் கிண்டி, நடுவுல குழி பண்ணி நெய் ஊத்திக் குடுக்கணும். நாப்பது நாள் கூடவே இருக்கணும். தனியா விட மாட்டாங்க. அந்த அக்காவுக்கு இவள விட்டா ஆள் கெடையாது."

"அக்கா அங்க இருக்குன்னு எழுதிக் குடுத்தா, முறைப்படியே அனுப்ப மாட்டாங்களா?" என்று அவனே கேட்டான். பதில் அவனுக்கும் தெரியும். இருந்தும் என் வாயால் ஒருமுறை கேட்க ஆசைப்பட்டான் போலிருக்கிறது.

விதியில் குடும்பம் என்றால் யார் யார் என்று எழுதியிருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். வளர்ந்த தங்கைக்கு வளர்ந்த அக்கா அதில் இல்லை.

"அக்கா குடும்பத்துல சேர்த்தி இல்ல" என்றேன். ஹப்தே அதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். கோபமோ கிண்டலோ இல்லை. குழந்தை எதையோ தப்பாகச் சொல்லிவிட்டால் சிரிப்பார்களே, அப்படி. அவள் ஏதோ சொன்னாள். ஹப்தே கொஞ்சம் தயங்கினான்.

"உங்களுக்கு அக்கா இருக்கான்னு கேக்குறா."

இருக்கிறாள். பெயர் ஃபிலிப்பா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அம்மாவின் அலமாரி யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சில் ஆறு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மீன் சந்தையில் எதிரே வந்தால், மீனைப் பார்ப்பது போலக் குனிந்துகொள்வேன். அதையெல்லாம் யாரிடம் சொல்வது? "இருக்கா" என்று மட்டும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த விதியை எழுதினவன் என்னைப் பார்த்துத்தான் எழுதினானோ என்று தோன்றியது.

மறுநாள் காலையிலும் விரல் படியவில்லை. ஸ்பாதாரோ இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவளுடைய கையைத் தானே திருப்பிப் பார்த்தார், சோப்பு வாசனையை முகர்ந்தார். அவர் தூங்குமூஞ்சிதான், முட்டாள் இல்லை.

"சமையக்கட்டுலயா இருக்கா? சரி. இன்னிக்கு அவ ஒரு ஸ்பூன்கூடக் கழுவக் கூடாது. மதியத்துக்குக் காகிதத் தட்டு குடுக்கச் சொல்லு. நாலு மணி வரைக்கும் நீயே கூட இருந்து, கை காயுதான்னு பாத்துக்க. நாலு மணிக்கு என் கண்ணு முன்னாடி பதியணும். நாலரைக்கு பஸ்ஸு."

"சரி சார்."

"நுன்சியா, உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல? புதுப்பிக்கிற தாளு என் மேசையிலதான் இருக்கு." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மதியம் எல்லோரும் காகிதத் தட்டில் சாப்பிட்டு, தட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டார்கள். பிப்போ வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டார். முகாம் முழுக்கச் சத்தம் அடங்கியது. வெயில் ஜன்னல் வழியே வந்து தரையில் படுத்துக்கிடந்தது. சமையலறையில் நானும் அவளும் மட்டும், ஆளுக்கொரு நாற்காலியில். தொட்டி காலி. மூடிய குழாயிலிருந்து ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அவள் இரு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். மணல்காற்று அடிக்கிற நாளில் ஈரம் சீக்கிரம் போய்விடும். மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. வெளுப்பு போய்த் தோலின் நிறம் திரும்பியது. பிறகு, ஏதோ தூக்கத்திலிருந்து எழுந்து வருவது போல, கோடுகள் வந்தன. முதலில் சுண்டுவிரலில், பிறகு மோதிரவிரலில். எத்தனையோ ஆயிரம் ரேகைகளைப் பார்த்த எனக்கு, ஒரு ரேகை வருவதை அப்போதுதான் பார்க்கக் கிடைத்தது. அத்தனை அழகாக இருந்தது. அது வரவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. ஹப்தே இல்லாததால் எங்களுக்குள் பேச்சும் இல்லை. ஒருமுறை மட்டும் தன் வயிற்றுக்கு மேலே கையை வளைத்துக் காட்டி, "ஹிவெத்" என்றாள். பிறகு காற்றில் எதையோ கிண்டி, நடுவே விரலால் ஒரு குழி செய்து காட்டினாள். அந்தச் சூடான களியின் வாசம்கூட எனக்கு வந்தது போலிருந்தது. நெய் உருகிக் குழியில் நிறைந்தது. அதைச் சாப்பிட அங்கே ஒருத்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

நான் எழுந்தேன். அலமாரியைத் திறந்து, நேற்று அவள் பளபளவென்று கழுவி அடுக்கிய தட்டுகளை மார்போடு அணைத்து எடுத்து வந்தேன், நாற்பது ஐம்பது இருக்கும். அடுப்பின் மேல் பிப்போ இரவுக்காக வைத்திருந்த தக்காளிக் குழம்பு இருந்தது. கரண்டியால் அள்ளி முதல் தட்டில் ஊற்றினேன். இரண்டாவதில், மூன்றாவதில். குழம்பு என் கால்சட்டையில் தெறித்தது. அடுத்து பெரிய அண்டாவையும் இறக்கி, அடியில் குழம்பை ஊற்றித் துணியால் சுற்றிலும் பூசினேன். என் வாழ்நாளில் அத்தனை அவசரமாக நான் எதையும் அழுக்காக்கியதில்லை. பிறகு குழாயைத் திறந்துவிட்டேன். தொட்டியில் தண்ணீர் ஏறியது.

அப்ரெஹெத் நாற்காலியை விட்டு எழாமல் என்னையே பார்த்தாள். கனவு காண்கிறோமோ என்று சந்தேகப்படுகிற முகம்.

"வா. ரெண்டு பேருமா கழுவினா, நான்தான் உதவிக்குக் கூப்ட்டேன்னு சொல்லிக்கலாம்" என்றேன், அவளுக்குப் புரியாத என் பாஷையில்.

வந்தாள். கைகளைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். நுரைக்குள் எது யாருடைய விரல் என்று தெரியவில்லை. நான்கு மணி நெருங்கியபோது வெளியே பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ஸ்பாதாரோவின் அறைக்கதவு திறந்தது. செருப்புச் சத்தம் எங்கள் பக்கமாக வரத் தொடங்கியது. நான் அடுத்த தட்டை எடுத்தேன். என் விரல் நுனிகள் வெளுத்து, மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தன.