நேசராசாவின் காது

ஸ்க்ரம் சரியும்போது கீழே போகிற ஆளேதான் மேலே வரவேண்டும் என்று ரக்பி விதிகளில் எங்கும் எழுதப்படவில்லை. ஸ்க்ரம்மில் இரண்டு அணிகளிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோள் கோர்த்து, தலை முட்டித் தள்ளுவார்கள். சில நேரம் அந்தக் குவியல் அப்படியே தரையில் சரிந்துவிடும். நடுவர் விசில் ஊதியதும் எல்லோரும் எழுவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். அவர்களில் ஒருவர் மட்டும் புதியவராக இருப்பார்.

புதியவருக்கு முகம், உயரம், முன்பல்லில் இருந்த விரிசல் எல்லாம் பழையவருடையதுதான். மனைவியின் பிறந்தநாள்கூட நினைவிருக்கும். காது மட்டும் வேறு. பல வருடம் தலைகளுக்கு நடுவில் நசுங்கிய காது வீங்கி, மடிந்து, இறுகிப்போகும். மண்ணுக்கு அதைச் செய்யத் தெரியாது. புதியவரின் காது வழவழப்பாக இருக்கும். மடலில் கொஞ்சம் ஈரமண் ஒட்டியிருக்கும். ஆகவே ஆட்டம் முடிந்ததும் அணியின் டொக்டர் காது பார்ப்பார். மறுநாள் எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், புள்ளி விவரத்துக்குக் கீழே, ‘மாற்றம்: ஒன்று’ என்று போடுவோம். இருபத்தாறு வருடமாக அந்த வரியை நான்தான் எழுதுகிறேன்.

நேசராசா தேசிய அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்தொன்பது சர்வதேச ஆட்டங்கள். சிங்கப்பூரிலும் நைரோபியிலும்கூடச் சரிந்து எழுந்தவர். அதற்குள் எட்டுப் பேரில் அவர் ஒருவர்தான் பழையவர் என்றாகிவிட்டது. ரக்பி சங்கத்துக்கு அதில் குறை ஒன்றுமில்லை. புதியவர்களுக்குக் காயம் வருவதில்லை. பயிற்சிக்குப் பிந்துவதும் இல்லை. உடைமாற்றும் அறையில் அந்த ஏழு பேரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஸ்க்ரம்மில் சேராத மற்ற ஆட்டக்காரர்கள் எழுதிக் கொடுத்துத் தனி அறை வாங்கிக்கொண்டார்கள். நேசராசாவுக்கு அந்த ஏழு பேருடன்தான் இடம்.

அவருடைய வீடு கொழும்பு வெள்ளவத்தையில், மூன்றாவது மாடியில். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அவருடைய மனைவி தயாளினி கதவைச் சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறப்பார்.

“காதைக் காட்டுங்கோ.”

“விடுமப்பா, பசிக்குது.”

“முதல்ல காது.”

அவர் தலையைச் சாய்த்து இடுக்கில் கொடுப்பார். தயாளினி விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றுவார். “கலியாணத்தண்டு எவ்வளவு வடிவான காது. இப்ப பொரிச்ச அப்பளம். ஆனா எனக்கு இந்த அப்பளம்தான் வேணும்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நாற்பத்தொன்பதாவது ஆட்டம் முடிந்ததும் நேசராசா ஓய்வுக் கடிதம் கொடுத்தார். ஐம்பதுக்குக் குறைவான எண்ணிக்கையில் ஓய்வு வழங்க இயலாது என்று சங்கம் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. அன்று மாலை அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தேநீரை ஆறவிட்டுவிட்டு இரண்டு காதுகளையும் கையால் மூடிக்கொண்டு பேசினார்.

“அண்ணை, முகம் புல்லில அழுந்தேக்க கேக்குது. கீழ போனவையும் ஸ்க்ரம் போடுகினம். மேல பாத்துத் தள்ளுகினம்.”

“பலமாகவா?”

“இல்லை. கதவு தட்டுற மாதிரி. பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுவினம். நான் வாய் திறக்கிறேல்லை. பதில் குடுத்தா சரி, கதை முடிஞ்சுது. நாப்பத்தொன்பது தரம் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். இன்னும் ஒண்டுதான்.”

அவர் பக்கத்தில் ஒன்பது வருடம் தோள் கோர்த்தவர் கண்டியைச் சேர்ந்த ஃபாஸில். முன்வரிசையில் நடு ஆள். இரண்டு பக்கமும் இருப்பவர்களின் தோளில் தொங்கிக்கொண்டு காலால் பந்தை இழுப்பது அவருடைய வேலை. “மச்சான், ஒன்ட தோள் இல்லாட்டி நான் நேரா மண்ணுக்குள்ளதான்” என்று வேடிக்கை பேசுவார். முப்பத்தொன்றாவது ஆட்டத்தில், மழையில், நேசராசாவின் கைப்பிடி வழுக்கியது. எழுந்த ஃபாஸிலின் காது வழவழப்பாக இருந்தது. அவரும் நன்றாகவே விளையாடினார். வேடிக்கை மட்டும் பேசவில்லை.

ஐம்பதாவது ஆட்டம் கொழும்பில் நடந்தது. எண்பது நிமிட ஆட்டத்தில் எழுபத்தெட்டாவது நிமிடம்வரை ஸ்க்ரம் ஒன்றுகூடச் சரியவில்லை. பார்வையாளர் வரிசையில் தயாளினி இரண்டு கைகளாலும் கைப்பையைப் பிடித்தபடி நின்றார். எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் சரிந்தது. நடுவர் விசில் ஊதினார். எட்டுப் பேர் எழுந்தார்கள். நேசராசா முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, காதில் இருந்த மண்ணைச் சுண்டுவிரலால் எடுத்தார். தயாளினி உடனே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டுமல்லவா.

ஐம்பதாவது ஆட்டத்துக்குப் பேட்டி எழுத வேண்டியிருந்ததால், டொக்டர் காது பார்க்கும்வரை காத்திருக்காமல் நானும் அவருடன் மூன்று மாடி ஏறினேன். கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. கேட்குமுன்பே அவர் தலையைச் சாய்த்தார். தயாளினி தடவிப் பார்த்தார். மற்றக் காதையும் கேட்டுத் தடவினார். பிறகு விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார்.

“அவர் எங்க?”

“கீழ. சுகமா இருக்கிறார்.”

“ஏன் பதில் குடுத்தவர்?”

புதியவர் படியில் உட்கார்ந்து ஒழுங்காகச் சொன்னார். “பேர் சொல்லிக் கூப்பிட்டவை. அவர் பேசேல்லை. பிறகு ஃபாஸில் கூப்பிட்டார். ‘மச்சான், தோளத் தா’ எண்டார். அவர் வாய் திறக்கேல்லை. தோளைக் குடுத்தவர்.”

முன்வரிசைக்காரர்கள் அப்படித்தான். நடு ஆள் தோள் கேட்டால் யோசிப்பதற்கு அவர்களுக்குப் பழக்கமில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

“சாப்பிட்டவரோ?” என்று தயாளினி கேட்டார்.

“கீழ சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. முடிஞ்சுதான் சாப்பாடாம்.”

தயாளினி உள்ளே போய்த் தேநீர் போட்டு வந்து சங்கிலி இடுக்கு வழியாகப் புதியவரிடம் நீட்டினார். கதவைத் திறக்கவில்லை. அவர் மூன்று நாள் அந்தப் படியிலேயே இருந்தார். அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நான் ‘மாற்றம்: ஒன்று’ என்று எழுதினேன். எட்டுப் பேரும் புதியவர்கள் ஆகிவிட்டதால் இனி அந்த வரி வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பத்திரிகையாளர் அனுமதி அட்டை தபாலில் வந்தது. உறையின் மூலைகளில் மண் இருந்தது. ஆட்டம் சனி பிற்பகல் மூன்று மணி. வாயில் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ‘பதினொரு அடி’ என்றிருந்தது. சற்று நேரத்தில் தயாளினி தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணை, உங்களுக்கும் அட்டை வந்ததோ? எத்தினை அடி?”

“பதினொண்டு.”

“எனக்குப் பன்னிரண்டு. குடும்பத்தாரை முன்னுக்கு இருத்துவினம் போல.” கதவிடுக்கால் படியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “இவர் மண்வெட்டியோட எழும்பி நிக்கிறார். எத்தினை மணிக்கு வரட்டும் எண்டு கேக்கிறார்.”

காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வரச் சொன்னேன். பன்னிரண்டு அடி தோண்ட நேரம் பிடிக்கும்.