கோஜிச் செடியும் ஒரு காலி வரியும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்கா போனில் கொடுத்தாள்.

"செடி காய்ச்சிருக்குடா" என்றாள். எந்தச் செடி என்று கேட்டேன். "அதான், மாமாவோட கோஜி." மாமா, அதாவது அக்காவின் கணவர், இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் செடி அவருக்கும் முன்னாலேயே பட்டுப்போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். அந்த நினைப்போடுதான் போனார்.

பறித்துவிட்டாயா என்று கேட்டேன். பறிக்கவில்லை, பறிக்கவும் மாட்டேன் என்றாள்.

"நீதான் கதை எழுதுறவனாச்சே. இதை எழுது. சரியா எழுதி முடி. அப்புறம் பறிக்கறேன்."

கெடு வைத்து மிரட்டும் பதிப்பாளர்களை எனக்குத் தெரியும். செடியில் பழம் காய்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி மிரட்டுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். அவள் சொன்ன 'சரியா' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டை மறைக்காமல் கீழே தருகிறேன்.

"மூன்றாம் மாடிப் பால்கனியில், பழைய பெயிண்ட் வாளி ஒன்றில், தூர தேசத்துப் புதர் ஒன்று..." (வேண்டாம். தாவரவியல் வகுப்பு.)

"ஒரு காலத்தில் அவர் விரல்கள்..." (ஒரு காலத்தில் என்று தொடங்கினாலே வாசகர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். இன்னும் நான் ஒன்றுமே சொல்லவில்லை.)

"பழம் சிவப்பு. ரத்தமும்..." (இந்த வரியை எத்தனை முறை அடித்தாலும் வெட்கமில்லாமல் திரும்பி வருகிறது. மாமாவின் வேலை ரத்தம் எடுப்பது. அவர் வளர்த்தது சிவப்புப் பழம். எந்த எழுத்தாளனுக்கும் கை அரிக்கத்தான் செய்யும். மாமா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். குழாயில் பிடித்த ரத்தம் கிட்டத்தட்டக் கருப்பு, நீ பார்த்ததே இல்லையா என்று கேட்டிருப்பார். கோஜி ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஆக, பொருந்தவும் இல்லை.)

சரி. அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

3

மாமா ஒரு லேபில் ரத்தம் எடுப்பவராக இருந்தார். நரம்பு கிடைக்காத கைகள் எல்லாம் அவரிடம்தான் வரும். வற்றிப்போன கிழவர்கள், பருத்த கைக்காரர்கள், ஊசியைக் கண்டதும் ஊரைக் கூட்டும் குழந்தைகள். அவர் விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வேறு எதையாவது பேசுவார். என்ன படிக்கிறாய், உங்கள் தெருவில் தண்ணீர் வருகிறதா என்பது போல. கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்.

பிறகு அவருடைய வலது கைக் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. அதிலிருந்து மணிக்கட்டு. டாக்டர் நடுக்குவாதம் என்றார், மாத்திரை கொடுத்தார், இதனால் ஆயுசுக்கு ஒன்றும் குறைவில்லை என்றும் சொன்னார். ஒரு நாள் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண், தன் கையை நெருங்கும் ஊசி நடுங்குவதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். கொஞ்ச நாள் குழாய்களுக்கு லேபிள் ஒட்டினார். அதுவும் கோணலாகவே விழுந்தது. வேலையை விட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கை கால்சட்டைப் பைக்குள் குடியேறிவிட்டது. சாப்பிடுவதுகூட இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான்.

லேபில் வழியனுப்பியபோது கொடுத்த கூடையில் உலர்பழப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் கோஜி, திராட்சை போலக் காய்ந்த சீனத்துச் சிவப்புப் பழம். நரம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டதற்கு, நடுக்கம் நிற்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள் என்றார். நிற்காத ஒன்றை எதற்குத் தின்பது என்று மாமா பொட்டலத்தை ஓரமாக வைத்தார். ஆனால் வேலை இல்லாதவருக்குப் பொழுது போக வேண்டும். நாலைந்து பழத்தை ஊற வைத்துப் பிளந்து பார்த்தார். உள்ளே மிளகாய் விதையைவிடச் சின்ன விதைகள்.

குழந்தையின் நரம்பைக் கண்டுபிடித்த விரல்களால் ஒரு விதையை ஒரு குழிக்குள் போட முடியவில்லை. உலர்ந்த மணலோடு கலந்து தூவினார். "கை ஆடறதும் நல்லதுதான், பரவலா விழுது" என்று அவரே அக்காவிடம் சொன்னாராம். முளைத்ததில் ஒன்றை மட்டும் பெயிண்ட் வாளிக்கு மாற்றி, மற்றதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். (நானும் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அது பிழைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கதை கேட்கவில்லை.)

[குறிப்பு: விதை போட்டு வளர்க்கும் கோஜி முதல் வருஷம் பழம் தராது. பெரும்பாலும் மூன்றாம் வருஷம்தான். டாக்டர் சொன்னபடி பார்த்தால் மாமாவிடம் வருஷங்கள் நிறையவே இருந்தன. அதனால் அவர் அவசரப்படவில்லை.]

இரண்டாம் வருஷம் செடியில் முள் வந்தது. ஒரு நாள் விரலில் நன்றாகக் குத்திவிட்டது. "இத்தனை வருஷம் நான் ஊரையே குத்தினதுக்கு இது வந்து கேக்குது" என்று சிரித்தாராம். வேலையை விட்ட பிறகு அவர் சிரித்த சிரிப்புகளில் நல்ல சிரிப்பு அது என்பது அக்காவின் கருத்து.

4

குளிர் மாதம். செடியின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தினமும் கூட்டி அள்ள வேண்டியிருந்தது. கடைசியில் வாளிக்குள் வெறும் குச்சிகள் நின்றன.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் மாமா வலது கையால் செய்துவந்தார். பால்கனியில் யாரும் பார்க்க மாட்டார்கள். குவளை ஆடும். சில நாள் முழுக் குவளையும் ஒரே இடத்தில் கவிழ்ந்துவிடும். அதனால் குச்சிகளைப் பார்த்ததும் அவர் வேறு காரணம் தேடவில்லை.

மாலை நேரம். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கை பைக்குள் இருக்கிறது. அக்கா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாளியைப் பார்த்தபடி கேட்கிறார்:

"தண்ணிய நிதானமா ஊத்த வரல. வேர் அழுகியிருக்கும். என் கைதான் கொன்னுடுச்சு, இல்ல?"

".............................................."

[இந்த வரியைக் காலியாக விடுகிறேன். இந்தப் பகுதியை எழுதியபோது, என்ன பதில் சொன்னாய் என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சொல்லவில்லை.]

வாளியைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். ஈர மண்ணோடு வாளி கனத்தது. அக்காவால் தனியாக நகர்த்த முடியவில்லை. ஒரு கை கொடுங்கள் என்று அவரைக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. வாளி அங்கேயே கிடந்தது. அது பிழைத்த கதை அவ்வளவுதான்.

குளிர் முடிவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்ற வந்த நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் குத்திவிட்டு அவள் கலங்கி நிற்க, மாமா கண்ணைத் திறந்து முழங்கைக்குப் பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினார். "இங்க பாரும்மா. இது நழுவாது." அது நழுவவில்லை. அவர்தான் போய்விட்டார்.

[குறிப்பு: கோஜி குளிரில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுத் தூங்கும். அது சாவு அல்ல. பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். இது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.]

5

முதல் முடிவு.

பழுத்த கோஜியைக் கிள்ளிப் பறிக்கக் கூடாது, அழுத்திய இடம் கறுத்துவிடும் என்று எங்கோ படித்தேன். கீழே துணியை விரித்து, கிளையைப் பிடித்து மெதுவாக உலுக்க வேண்டும். பழுத்தது மட்டும் விழும். இதைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் நடந்தேன். மாமா பிழைத்துவிடுகிறார். செடி காய்க்கிறது. ஊரெல்லாம் பார்க்க வலது கையைப் பையிலிருந்து எடுக்கிறார், கிளையைப் பிடிக்கிறார். அவர் உலுக்க வேண்டியதே இல்லை. கை தானாக...

இதைவிட நல்ல முடிவு என் வாழ்நாளில் அமையாது என்று நினைத்தேன். அக்கா வேலை செய்யும் திரைச்சீலைக் கடைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"அவர் கைய நீ எப்ப பாத்த?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததே இல்லை. நான் பார்த்தது கால்சட்டைப் பையை.

நடுங்குகிற கைக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாய், அவர் உபயோகம் கேட்டு அழவில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அளவு தவறி வெட்டிய துணியை நீட்டித் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னாள். பிறகு நூலைக் கத்தரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"தூங்கறப்ப ஆடாது, தெரியுமா? மத்தியானம் படுத்திருந்தா அந்தக் கை சும்மா கிடக்கும். பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருப்பேன். இதையெல்லாம் எழுதிடாத."

எழுதிவிட்டு அவளிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, இருக்கட்டும் என்றாள்.

6

அன்று கடையை அடைத்துவிட்டு இருவரும் நடந்தோம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, நான் கேட்காமலே நான்காம் பகுதியின் காலி வரியைச் சொன்னாள்.

"'செடிதான, போனா போகுது, விடுங்க'ன்னு சொன்னேன். கை நிறைய துணி இருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்கல."

ஒரு பேருந்து வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.

அந்த வரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவர் பிழைக்க வேண்டாம், பழத்தைப் பார்க்க வேண்டாம், துணி விரிக்க வேண்டாம். உங்கள் கை எதையும் கொல்லவில்லை என்று யாராவது அவரிடம் சொன்னால் போதும். அவள் போனில் சொன்ன 'சரியா' இதுதான்.

மிகச் சின்ன வேலையாகத்தான் தோன்றியது. செத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது எங்கள் தொழிலில் சகஜம். ஒரு வரியை மாற்றுவதா கஷ்டம்? காலி இடத்தில் அக்காவின் பேச்சாகவே எழுதினேன்: "இல்லைங்க, இது தூங்குது. வெயில் வந்தா துளிர்க்கும். நீங்க ஒண்ணும் பண்ணல."

படித்தாள். தலையை ஆட்டினாள்.

"என் வாயில போடாத. எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

அவள் அழுததை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமல் விட்டால் நீங்கள் அவளைத் தைரியசாலி என்று நினைத்துக்கொள்வீர்கள். அழுதாள். நானும்.

வேறு ஆட்களைத் தேடினேன். நானே அந்தப் பால்கனியில் நின்றிருந்ததாக... (நிற்கவில்லை. நின்றிருந்தாலும் எனக்கும் தெரியாது.) ஆஸ்பத்திரி நர்ஸ் வீட்டில் தோட்டம் வைத்திருப்பதாகவும்... (பாவம், அவளுக்கு அன்று நரம்பே கிடைக்கவில்லை.) சாவதற்கு முன் அவர் ஒரு கனவு கண்டதாக, அதில் செடி... (வெட்கக்கேடு.)

எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றுதான். அந்த மாலையில், அந்தப் பால்கனியில், இந்தக் கதையில் உள்ள ஒருவருக்கும் அந்தச் செடி உயிரோடு இருப்பது தெரியாது.

7

உங்களைத் தவிர.

நான்காம் பகுதியின் அடியில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டீர்கள். பட்டைக்குள் பச்சை இருப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அது காய்க்கும் என்பதும் தெரியும். நானும் அக்காவும் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம், அதனால் எங்களால் அங்கே போக முடியாது. நீங்கள் மூன்று பகுதி மேலே போனால் போதும். அவர் இன்னும் எழுந்து உள்ளே போகவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, வாளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வரி காலியாகவே இருக்கிறது. அதை நிரப்பும் உரிமையை எனக்கு அக்கா தரவில்லை. உங்களுக்குத் தரலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முகம் தெரியாதவங்க சொன்னா அவர் கேப்பாரு. லேபுல தினமும் அவங்க பேச்சத்தான கேட்டுட்டிருந்தாரு" என்றாள்.

துணியை விரித்து வைத்திருக்கிறாள். நீங்கள் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகு கிளையை உலுக்குவாள். பழங்கள் சுருங்க ஆரம்பித்துவிட்டன, ஆனாலும் அவளுக்கு அவசரமில்லை.

போய்ச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கையைப் பார்க்க வேண்டாம்.