ஓட்வாரின் முதுகு

என் தங்கை குன்வோரின் வீட்டு வீடியோ ரெக்கார்டர் படுத்துவிட்டது. டிவி, துணி மெஷின், கார் என்று எத்தனையோ சாமான்கள் அவள் வீட்டில் மண்டையைப் போட்டிருக்கின்றன. எதற்கும் அழாதவள் இதற்கு அழுதாள். அதற்குள்தான் அவள் கணவன் ஓட்வாரின் முதுகு இருக்கிறது.

ஓட்வார் இருந்தபோது, உள்ளூர் சேனல் ஒன்று ஒரு கப்பல் பயணத்தை நாள் முழுக்க நேரலையில் காட்டியது. கடல், பாறை, மறுபடி கடல். நார்வேக்காரர்களுக்கு அது போதும், கண் கொட்டாமல் பார்ப்போம். கப்பல் மலைகளுக்கு நடுவே கடல் புகும் எங்கள் ஃபியோர்டுக்குள் நுழைந்தபோது ஊரே துறையில் நின்று கேமராவுக்குக் கையாட்டியது. ஓட்வார் மட்டும் மஞ்சள் மழைக்கோட்டின் முதுகைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு, மேட்டிலிருந்த தன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினான். ரெக்கார்டரில் அதைப் பதிந்துகொண்டிருந்த குன்வோர், அவன் கூப்பிட்டும் துறைக்கு இறங்கியிருக்கவில்லை. "நானும் வந்துட்டா பெட்டிய யாரு பாத்துக்கறது?" என்றாளாம். அடுத்த வருஷம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். சேனலையும் மூடிவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது.

"பெட்டிக்குக் காவல் இருந்தேன்ணே, அவர் பக்கத்துல நிக்கல" என்பாள். அந்தக் குறை அவளை விட்டுப் போகவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் காலையிலேயே அதைப் பழுதுபார்க்க உட்கார்ந்தேன். வயரை மாற்றினேன், தூசியை ஊதினேன், கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தேன். படம் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு உறைந்துவிடும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால், "இது காலி, அழிக்கட்டுமா?" என்று கேட்டது அந்த மடச் சாமான். பதிவு அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் திறக்கும். டிஸ்கைத் திரும்ப அதிலேயே பொருத்தி ஓடவிட்டு, ஓட ஓட இன்னொரு ரெக்கார்டரில் பதிவதுதான் ஒரே வழி. தொட்டுப் பார்த்தேன், பெட்டி அடுப்பாய்க் கொதித்தது. உள்ளிருந்த விசிறி சுற்றவே இல்லை.

"குன்வோர், ஜன்னலத் தொற. இத வெளில வெக்கணும்."

"பனியிலயா? உனக்குப் பைத்தியமா?"

"உன் வீட்ல ஓசியில கெடைக்கறது குளிர் ஒண்ணுதான்."

மூடியைக் கழற்றி, கூரை மறைவில் ஈரமில்லாத ஜன்னல் திட்டில் வைத்தேன். வயர் மட்டும் உள்ளே, இன்னொரு ரெக்கார்டருக்கும் டிவிக்கும் வந்தது. வேகமாக முன்னே ஓட்டும் பொத்தானை அமுக்கினால் பெட்டி நின்றுவிடும் என்பதால் முதலிலிருந்தே பார்த்தோம். ஆளுக்கொரு கம்பளிக்குள் சுருண்டு, பழுப்பு பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளைத் தின்றோம். டிவியில் கோடைக் கடல், ஜன்னலுக்கு வெளியே நீலம் பூத்த குளிர்காலக் கடல். கண் சொக்கியபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. கப்பல் அந்த அறைக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது. நான் தூங்கினேனா என்று எனக்கே தெரியவில்லை.

"அண்ணே, நம்ம ஊரு."

மஞ்சள் கோட்டு திரும்பி நின்றது. கை உயர்ந்தது. குன்வோரின் விரல் ரிமோட்டுக்குப் போனது. இத்தனை வருஷமும் அவள் அந்த இடத்தில் நிறுத்தித் திரும்பச் சுற்றுவாள். அதற்கு மேல் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"கைய எடுடி! அமுக்குனா செத்துரும்!"

எடுத்துவிட்டாள். படம் ஓடியது. கப்பல் விலக விலக மேடு முழுவதும் திரையில் தெரிந்தது. மஞ்சள் புள்ளி பாதையில் ஏறியது. மேலே வீட்டுக் கதவு திறந்து, வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருத்தி சரிவில் தலைதெறிக்க ஓடிவந்தாள். பாதி வழியில் இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளியாயின.

"யாருடி அது, மாப்பிள்ளய வந்து கட்டிக்கறது?" என்றேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் கம்பளியை உதறி எழுந்துவிட்டேன்.

குன்வோர் டிவியின் அருகே போய் மண்டியிட்டாள். இறங்க மறுத்ததை நினைத்து நினைத்தே, பிறகு அவனிடம் ஓடியதை மறந்திருக்கிறாள்.

"நிறுத்தட்டுமா? நீங்க ரெண்டு பேரும் வந்தாச்சு, பதிவாயிருச்சு" என்றேன்.

"வேணாம், ஓடட்டும்."

பாறை குறுக்கே வந்து ஊரை மறைத்தது. பிறகு கடல் மட்டும். ஜன்னல் வழியே வந்த குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது.

"பெட்டிய அப்படியே போட்டுட்டு ஓடியிருக்கேன்ணே" என்றாள்.