துண்டு போட்ட நாற்காலி

இருபத்தாறாம் வருஷம் ஆவணியில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினேன். கூட்டிப்போக வந்த என் அண்ணன் உடையப்பன், ரயில் சுங்கை சிப்புட்டில் நின்றபோது இறங்கவே இல்லை. ரப்பர் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. "ஈப்போவைப் பார்த்துட்டுப் போலாம்லா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன ஊர் சுற்றவா வந்தேன்? என் புருஷன் சின்னையாவைப் பார்க்க வந்தேன். அந்தத் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்டப் போன மனுஷனிடமிருந்து ஒரு வருஷமாகத் தகவலே இல்லை. எவளையோ சேர்த்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

ஈப்போவில் இறங்கி, கல்லுமலைக் கோயில், மணிக்கூண்டு எல்லாம் காட்டினான். "அவரு எங்கண்ணே?" என்று கேட்கும்போதெல்லாம், "இதப் பாரு, அதப் பாரு" என்று கையை எங்கேயோ நீட்டினான். என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான்.

வெயில் தாழ்ந்த நேரம், ஒரு சீனக் கோயில் முன்னால் கூத்து நடந்துகொண்டிருந்தது. பின்னால் ஜனம் நிற்க இடமில்லாமல் நெரிகிறது. முன் வரிசை நாற்காலியெல்லாம் காலி. அட, கண்ணு தெரியாத சனங்களா! விடுவிடுவென்று போய் ஒன்றில் உட்கார்ந்தேன். பின்னாலேயே ஓடிவந்த அண்ணனின் தோளிலிருந்து துண்டை உருவிப் பக்கத்து நாற்காலியில் போட்டேன்.

"அவருக்கு இடம் பிடிச்சாச்சு. ஆளனுப்பி வரச் சொல்லு. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

கூட்டமே அலறியது. ஒரு சீனக் கிழவர் என் நாற்காலியைக் காட்டி, "ஹந்து! ஹந்து!" என்று கத்தினார். மேளம் நின்றுவிட்டது.

"யாருண்ணே அந்த அந்து? பெரிய துரையா? வரட்டும், நானே பேசிக்கிறேன்!"

"எந்திரி மங்களம்." அண்ணன் என் காதருகே குனிந்தான். "ஹந்துன்னா மலாய்க்காரங்க பேச்சுல பேய். செத்தவங்க இந்த மாசம் கூத்துப் பார்க்க வருவாங்களாம். இது அவங்க உக்கார்ற இடம்லா."

துள்ளி எழுந்தேன். மாரியாத்தா, காப்பாத்து! அப்புறம்தான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். என் புருஷனுக்கா பேய் வரிசையில் இடம் போட்டேன்? அவன் எவளோடு இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். துண்டை எடுக்கப் பதறிக் கை நீட்டினேன்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது இருக்கட்டும் ஆத்தா. மாப்பிள்ளைக்குத்தானே போட்டே."